மதுரையில் மூன்று நாள், ஒரு பை நிறைய கார்ப் பெயர்கள்

ஜனவரி 23, வெள்ளி இரவு, ரயிலில்

இந்தப் பயணம் நானாகத் திட்டமிட்டதில்லை. குடியரசு தினத்தோடு சேர்த்து மூன்று நாள் லீவு, வீட்டில் படுத்துக் கிடக்கலாம் என்றுதான் இருந்தேன். அண்ணன் மகனுக்குப் பதினொரு வயது. பொங்கலன்று டிவியில் ஜல்லிக்கட்டு பார்த்ததிலிருந்து, காளையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. அண்ணனுக்கும் அண்ணிக்கும் வேலை. "அத்தை கூட்டிட்டுப் போவா" என்று எல்லோரும் கூடி முடிவெடுத்த பிறகு, கடைசியாக எனக்குத் தகவல் சொன்னார்கள்.

அவனுக்கு மாட்டின் மேல் ஆசை வந்ததே காரிலிருந்துதான். இத்தாலியின் லம்போர்கினி கம்பெனி தன் கார்களுக்குப் பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டுச் சண்டைக் காளைகளின் பெயரை வைக்கிறது. அந்தப் பட்டியல் இவனுக்கு மனப்பாடம். நான் சென்னையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ட்ரேட்மார்க் பதிவு வேலை பார்க்கிறேன். தினமும் நாலு பேர் "மேடம், இந்தப் பேர் கிடைக்குமா?" என்று வந்து நிற்பார்கள். பாதிப் பேருக்குக் கிடைக்காது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஆக இரண்டு பேரும் பெயர்ப் பைத்தியம். பேச்சுக்குப் பஞ்சமில்லை.

எதிரே திண்டுக்கல் போகிற ஓர் அம்மா. செங்கல்பட்டு வருவதற்குள் டப்பாவைத் திறந்து புளியோதரையை எங்கள் கையில் திணித்துவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. நன்றிக்கடனாகப் பையன் அவருக்குக் கதை சொன்னான்: "லம்போர்கினி கம்பெனிய ஆரம்பிச்சவர் பேரு ஃபெருச்சியோ லம்போர்கினி. 1916 ஏப்ரல் 28-ல பொறந்தவரு. ரிஷப ராசி. அதனாலதான் காளை மாட்டுப் படம்."

அந்த அம்மா விரலை மடக்கி எண்ணினார். "ஏப்ரல் கடைசின்னா சித்திரை பாதி. சூரியன் மேஷத்துலல்ல இருக்கும்? வெள்ளக்காரன் கணக்கு வேற போல. நம்ம கணக்குக்கு ஆடுதாண்டா தம்பி வருது."

பையன் அதற்கப்புறம் வெகுநேரம் பேசவில்லை. முன்பக்கத்தில் ஆட்டுத் தலை போட்ட காரை நினைத்துப் பார்த்திருப்பான்.

ஜனவரி 24, சனி, மதுரை

விடியுமுன்னே இறங்கினோம். நல்ல பனி. அறையில் எட்டு மணி வரைக்கும் வெந்நீர் வரும் என்றார்கள். ஏழு மணிக்கே பச்சைத் தண்ணீர்தான் வந்தது. கீழே போய்க் கேட்டால், "நேத்து வந்துச்சேக்கா" என்கிறார் கவுண்டரில் இருந்தவர், நான் ஏதோ பொய் சொல்வதுபோல.

இட்லிதான் அந்தக் கோபத்தை இறக்கியது. நாலு சட்னி, இலையில் ஒன்று தீர்வதற்குள் அடுத்தது விழுகிறது. சர்வர் என்னைக் கேட்காமல் பையனைப் பார்த்து, "தம்பிக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டு, ஆகாது என்றதும் சர்க்கரை கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து 140 ரூபாய்.

கோயிலுக்குள் செல்போன் கூடாது. கொடுத்து டோக்கன் வாங்கும் வரிசை, தரிசன வரிசையைவிட நீளம். அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. காரின் படத்தைக் காட்ட முடியாமல் பையன் வாயாலேயே எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தவுடன், "லோட்டஸ்னு ஒரு கார் கம்பெனி இருக்கு அத்தை" என்றான். அவர்கள் கார் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில 'இ' எழுத்தில்தான் தொடங்குமாம். எலீட், எலான், யூரோப்பா, எஸ்ப்ரீ, எவோரா, எமீரா. 1996-ல் வந்த எலீஸ், அப்போது கம்பெனியை நடத்திய ரொமானோ ஆர்த்தியோலியின் பேத்தி எலீசாவை வைத்து வந்த பெயர். "தாத்தாகிட்ட சொல்லி என் பேர்ல ஒரு கார் விடச் சொல்லணும்" என்றான். அவன் தாத்தா, அதாவது என் அப்பா, டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை.

வெளியே வந்து தெருத்தெருவாக நடந்தோம். மதுரைக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். எனக்கு ஒவ்வொரு முறையும் புதுசு. ஆடி வீதி கோயில் மதிலுக்குள். அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. அந்தந்த மாதத் திருவிழாவில் சாமி வலம் வந்த தெரு என்று மாதப் பெயர். ஃபெராரியும் முன்பு இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தது என்கிறான் பையன். 250 என்றால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 250 சிசி. பன்னிரண்டு சிலிண்டர், மொத்தம் மூன்று லிட்டர். 308 என்றால் மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர். 1987-ல் வந்த எஃப் 40, கம்பெனியின் நாற்பதாவது ஆண்டுக்காக. டெஸ்டரோசா என்றால் இத்தாலிய மொழியில் 'சிவப்புத் தலை'. என்ஜினின் மேல்மூடிக்குச் சிவப்பு அடித்ததால் வந்தது. ஒரே வீட்டில் நாலு கணக்கு. சித்திரை வீதியில் நடக்கிறவனுக்கு அடுத்த சுற்று என்ன என்று தெரியும். ஃபெராரி வாங்குகிறவனுக்குத் தெரியாது. மதுரைதான் தேவலை.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. டம்ளர் 50 ரூபாய். பாசி, பாலாடை, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். உட்கார இடமில்லை, நின்றுகொண்டே குடித்தோம். அங்கேதான் என் பங்குக்கு நான் ஒரு கதை சொன்னேன். பெயர் வைப்பது ஏதோ கவிஞர் வேலை என்று இவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பாதி வேலை வக்கீலுடையது. போர்ஷே கம்பெனி 1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஒரு புதுக் காரை 901 என்று காட்டியது. பிரான்சின் பூஷோ கார் கம்பெனி, நடுவில் சுழி வரும் மூன்று இலக்க எண்கள் எங்கள் நாட்டில் எங்களுக்குச் சொந்தம் என்றது. 201, 404 என்று அவர்கள் ஏற்கனவே வரிசையாக வைத்திருந்தார்கள். போர்ஷே சுழியை எடுத்துவிட்டு ஒன்று போட்டது. உலகமே தலையில் தூக்கிவைத்து ஆடும் 911 இப்படிப் பிறந்ததுதான். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் அல்ல, அடுத்தவன் வேலியில் இடித்துத் திரும்பியபோது கிடைத்த பெயர்.

அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த ஃபோர்டு மஸ்டாங், ஜெர்மனியில் டி-5 என்ற பெயரில்தான் விற்றது. மஸ்டாங் என்ற பெயர் அங்கே க்ருப் கம்பெனியிடம் இருந்தது. நம் நாட்டிலும் 2024 கடைசியில் மஹிந்திரா ஒரு மின்சாரக் காருக்கு பிஇ 6இ என்று பெயர் வைத்தது. 6இ எங்கள் விமானங்களின் அடையாளம் என்று இண்டிகோ வழக்குப் போட, கார் பிஇ 6 ஆகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் இதை ஒரு வாரம் பேசித் தீர்த்தோம். ட்ரேட்மார்க் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வண்டிகள் எல்லாம் 12-ஆம் வகுப்பு. அந்த வகுப்பில் ஒரு நல்ல சொல் காலியாக இருப்பது, தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகரில் பார்க்கிங் கிடைப்பது மாதிரி. 'வேகம்', 'சூப்பர்' என்று பொருளின் குணத்தையே பெயராகக் கேட்டால் பதிவுக்கே சிரமம். அது எல்லோருக்கும் பொதுச் சொல். அதனால்தான் கார்க்காரர்கள் காளை, காற்று, பேத்தி என்று தேடிப் போகிறார்கள். ஆசை ஒரு பக்கம், நெருக்கடி ஒரு பக்கம்.

"அப்ப லம்போர்கினி?" என்றான் பையன், சண்டைக்கு வருவதுபோல. மீசையில் பாலாடை.

"நாளைக்கு மாட்டுக்காரர்கிட்டயே கேப்போம்" என்றேன்.

சாயங்காலம் தெருமுனைத் தள்ளுவண்டியில் பருத்திப்பால், 20 ரூபாய். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, காலையிலிருந்து இருந்த மூக்கடைப்பு விட்டது. சில்லறை இல்லை என்றதும், "நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா குடுங்கக்கா" என்றார். நாளைக்கு வரமாட்டோமே என்றால், "பரவாயில்ல, யாராச்சும் வருவாக" என்கிறார். பக்கத்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு, பாலமேடு பக்கம்

என்னோடு வேலை பார்ப்பவரின் மாமனார் ஊர் பாலமேட்டைத் தாண்டி. அவர் வீட்டில் காளை நிற்கிறது. "போங்க, மாமா பேசுவார், நிறுத்த மாட்டார்" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

பஸ் அலங்காநல்லூர் வழியாகப் போயிற்று. ஜல்லிக்கட்டு முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. டிவியில் அத்தனை பெரிதாகத் தெரிந்த வாடிவாசல், நேரில் ஊர் நடுவே ஒரு சின்னச் சந்து. பையனுக்கு ஏமாற்றம். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. இத்தனை குறுகலான இடத்திலிருந்தா அது பாய்கிறது? பாலமேடு தாண்டியதும் சிறுமலை எதிரே வந்து நின்றது, உச்சியில் மேகம்.

பெரியவர் வாசலிலேயே காத்திருந்தார். "வா தாயி, வாடா பேராண்டி." மோர் குடிக்காமல் மாட்டுப் பக்கம் விடமாட்டேன் என்றுவிட்டார். மாடு கொட்டத்தில் நின்றது. புளிகுளம் இனம், செவலை நிறம், கழுத்தும் திமிலும் கறுத்து. திமில் என் தோள் உயரம். காலையில் கண்மாயில் நீச்சல், அப்புறம் மண்மேட்டைக் குத்தும் பழக்கம், பருத்திக்கொட்டையும் துவரம்பொட்டும் தீனி. இந்த வருஷம் இரண்டு வாடியில் அவிழ்த்து, இரண்டிலும் பிடிபடவில்லை. திண்ணையில் கிடந்த கட்டிலும், மூலையில் இருந்த எவர்சில்வர் அண்டாவும் அது சம்பாதித்தவை. "நாங்க படுக்கிறது அது வாங்கிக் குடுத்த கட்டில்ல" என்றார். முதல் பரிசாகக் கார் கொடுத்த வருஷமும் உண்டாம். மாடு ஜெயித்தால் கார். அங்கே இத்தாலியில் கார் செய்தால் மாடு. பையன் இதைக் கேட்டு அசந்துவிட்டான்.

"இது பேரு என்ன தாத்தா?"

"அதுல ஒரு வம்பு இருக்கு" என்றார். ஒன்பதாவது படிக்கும் பேத்திதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, நடத்திக்கொண்டு போவது எல்லாம். அவள் வைத்த பெயர் புல்லட். வீட்டு வாசலில் ஃப்ளெக்ஸே போட்டிருக்கிறார்கள், எழுத்தில் நெருப்புப் பறக்க. அவள் அப்பாவிடம் ஒரு பழைய புல்லட் இருக்கிறது. பையன் உடனே ஆரம்பித்தான்: ராயல் என்ஃபீல்டு 1932-லேயே புல்லட் விட்டது, 1955-லிருந்து மெட்ராஸில் தயாரானது. பேத்தி அவனை முதன்முறையாக மதித்துப் பார்த்தாள்.

"வாடியில மைக்குல கூப்புடுறது என் பேரையும் ஊர் பேரையும்" என்றார் பெரியவர். "இன்னாரு மாடு வருது, புடிச்சுப் பாருன்னுதான் சொல்லுவான். வீட்டுல நான் கூப்புடுறது செவலைன்னு. செவலைய செவலைன்னுதான கூப்புடணும்? மயிலைன்னா மயிலை, காரின்னா காரி."

நிறத்தை வைத்து மாட்டை அழைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் குரவை ஆடும் பெண்கள் தாங்கள் வளர்த்த காளைகளைப் பிரித்துச் சொல்வதும் காரி, வெள்ளை, புள்ளி என்று நிறமும் குறியும் வைத்துத்தான்.

அப்புறம் பையன் தன் பட்டியலை எடுத்தான். நான் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மியூரா, 1966-ல் வந்த கார். அது ஒரு மாட்டின் பெயர் அல்ல. செவில் நகரத்துப் பக்கம் சண்டைக் காளை வளர்க்கும் குடும்பத்தின் பெயர். "அப்ப நம்மள மாதிரி. வளக்குறவன் பேரு" என்றார் பெரியவர், திருப்தியாக. டியாப்லோ, 1869-ல் மாட்ரிட்டில் மணிக்கணக்காகச் சண்டை போட்ட காளை. பெயருக்கு அர்த்தம் சாத்தான். முர்சியேலகோ, 1879-ல் 24 வாள் குத்து வாங்கியும் விழாமல் நின்று, கூட்டம் கத்தி உயிர்ப்பிச்சை வாங்கிக் கொடுத்த காளை என்று சொல்வார்கள். அர்த்தம் வௌவால். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாட்டுக்கு வௌவாலுன்னா வச்சான்?" ஸ்பெயினில் கன்றுக்குத் தாய்ப் பசுவின் பெயரைத்தான் வைப்பது வழக்கம் என்றேன் நான். "அது சரி. மாட்டுக்குத் தாய் வழிதான் பாக்கணும்" என்று சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இஸ்லேரோ வந்தது. மியூரா வீட்டுக் காளை. 1947-ல் லினாரெஸ் என்ற ஊரில் மனோலெத்தே என்ற பெரிய வீரரைக் குத்தியது; அவர் இறந்துபோனார். 1968-ல் லம்போர்கினி அந்தப் பெயரில் ஒரு கார் விட்டது.

"மாடு?"

"அதுவும் செத்துடுச்சு தாத்தா. அங்க சண்டைன்னா மாட்டைக் கொன்னுடுவாங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் செவலையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "ரெண்டு உசுரு போன பேர வண்டிக்கு வச்சிருக்கான். அதுல ஏறி எப்பிடித்தா போவான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெயர் வந்தால் வேறு யாரிடமாவது இருக்கிறதா, வேறு மொழியில் அசிங்கமான அர்த்தம் உண்டா என்றெல்லாம் பார்ப்போம். டொயோட்டா எம்ஆர்2 என்று ஒரு கார் விட்டது. பிரெஞ்சில் வாய்விட்டுச் சொன்னால் வசவு மாதிரி ஒலிக்கிறது என்று அங்கே 2-ஐ வெட்டி எம்ஆர் ஆக்கினார்கள். இப்படி எல்லாம் பார்ப்பார்கள். பெரியவர் கேட்டதை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. வேண்டாம் என்று சொல்ல இடமே தரவில்லை அந்த அப்பத்தா. "ஒரு வாய் சோத்துக்கு என்ன பிகு" என்று மூன்றாவது முறையாக ஊற்றினார். கண்ணில் நீர் வரும் காரம். பையன் தயிரும் முட்டையுமாகச் சமாளித்துக்கொண்டே, போனில் ஒரு படத்தைக் காட்டினான்: கூன்தாச், லம்போர்கினியின் பழைய ஆப்பு மாதிரிக் கார், கதவு இரண்டும் மேலே தூக்கியபடி. அப்பத்தா கரண்டியோடு குனிந்து பார்த்து, "ஆத்தாடி! றெக்கையில்ல மொளச்சிருக்கு!" என்றார்.

எனக்குப் புரையேறிவிட்டது. கூன்தாச் காளையின் பெயரே இல்லை. இத்தாலியின் பீட்மாண்ட் பக்கத்து வட்டார வழக்கில் ஆச்சரியப்பட்டால் வாயில் வரும் சொல். 1971-ல் ஜெனீவா கண்காட்சிக்காக அந்தக் காரைச் செய்துகொண்டிருந்தபோது பட்டறையில் ஒருவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்த சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். அப்பத்தா மதுரைத் தமிழில் அதே பெயரைத்தான் சொன்னார். "ஆத்தாடின்னு ஒரு கார்" என்று பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

கிளம்பும்போதுதான் விபரீதம். பையன் சிவப்புத் தொப்பி போட்டிருந்தான், முன்னால் குதிரைப் படம் போட்ட ஃபெராரித் தொப்பி. சிவப்பைப் பார்த்தால் மாடு முட்டுமோ என்று நான் காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். "செவப்புன்னு தனியா அதுக்குத் தெரியாது தாயி, வாடைதான்" என்று பெரியவர் சிரித்தார். பேத்தியோடு சேர்ந்து பையன் கொட்டத்துக் கம்பியில் சாய்ந்து, "புல்லட்! புல்லட்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாடு அசையவில்லை. பேத்தி கூப்பிட்டாள். ம்ஹூம். பெரியவர் திண்ணையிலிருந்தே, "ஏய் செவலை" என்றார், குரலை உயர்த்தக்கூட இல்லை. மாடு சட்டென்று திரும்பியது. திரும்பிய வேகத்தில் பையன் பின்வாங்க, தொப்பி தொட்டிக்குள் விழ, அதை எடுத்து நிதானமாக மெல்ல ஆரம்பித்தது. பேத்தி பாய்ந்து பிடுங்கினாள். முன்விளிம்பு பாதி போயிருந்தது. மீதி எச்சில்.

நான் பையன் அழுவான் என்று நினைத்தேன். "அத்தை! லம்போர்கினி ஃபெராரியத் தின்னுடுச்சு!" என்று குதிக்கிறான்.

"பேருன்னா, கூப்ட்டா திரும்பணும்லப்பா" என்று பெரியவர் பேத்தியைச் சீண்டினார். அவள் முறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பணம் கொடுக்கப் பார்த்து வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு தேங்காயும் ஒரு பை மொச்சையும் கொடுத்து அனுப்பினார்கள். நாலரை மணி பஸ் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்று, கடைசியில் வாழைத்தார் ஏற்றிப் போன ஒரு குட்டியானையில் கைகாட்டி ஏறினோம். கம்பெனி வைத்த பெயர் டாடா ஏஸ். ஏஸ் என்று யார் சொல்கிறார்கள்? டிரைவர் 50 ரூபாய்தான் வாங்கினார். முன்சீட்டில் ஒருவர் இருந்ததால் பின்னால் வாழைத்தாரோடு நாங்கள். மசேராட்டி கார்களுக்குக் காற்றின் பெயர் என்று பையன் கத்திக் கத்திச் சொன்னான்: மிஸ்ட்ரல், கிப்லி, போரா, கம்சின். பகானியின் சோண்டாவும் அர்ஜென்டினாக் காற்றுதானாம். நம்மிடமும் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கு ஒன்றாக நாலு இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. அன்று அடித்தது வாடை. பல் தந்தியடித்தது.

ஜனவரி 26, திங்கள்

காய்ச்சல் மாதிரி இருக்கிறது, எனக்குத்தான். பையன் நன்றாக இருக்கிறான். வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கறி தோசை சாப்பிடாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சிம்மக்கல் வரைக்கும் போய், பாதிக்கு மேல் இறங்காமல் வைத்துவிட்டேன். 180 ரூபாய் போயிற்று. கடைக்காரர், "நல்லா இல்லையாக்கா?" என்று முகம் வாடிக் கேட்டார். தொண்டை என்றதும் மிளகு ரசம் ஒரு டம்ளர் தந்து, காசு வேண்டாம் என்றார்.

பகல் ரயில். தொப்பியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்திருக்கிறான். கவர் எங்கேயோ ஓட்டை. பெட்டி முழுக்கப் பருத்திக்கொட்டை வாடை.

ஜனவரி 28, புதன், சென்னை

பேத்தி பையனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள், அண்ணன் போனுக்கு. கையில் வெல்லக்கட்டி. "புல்லட்!" என்கிறாள், நாலு முறை. செவலை வைக்கோலை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஐந்தாவது முறை கூப்பிட வாயெடுக்கும்போது, கேமராவுக்குப் பின்னால் யாரோ லேசாக இருமுகிறார்கள். மாடு திரும்பிப் பார்க்கிறது.